டிரெட்மில்லா, கால்சியம் ஸ்கேனா?

சென்னையில் மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் போகும் ஐம்பது வயதுக்காரருக்கு இதயத்துக்கென வழக்கமாகச் செய்யப்படுவது டிரெட்மில் பரிசோதனை, அதாவது டி.எம்.டி. இப்போது இதய ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கால்சியத்தை சி.டி. படத்தில் அளக்கும் கால்சியம் ஸ்கேனும் அதற்குப் போட்டியாக வந்திருக்கிறது. இரண்டில் எது மேல் என்று கேட்பவர்கள், இரண்டும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதாக எண்ணிக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

டி.எம்.டி.யில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டி, 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் 85 விழுக்காடு வரை நாடித்துடிப்பை ஏற்றி, இ.சி.ஜி. கோடு மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். ரத்தக்குழாய் ஏறத்தாழ 70 விழுக்காடு சுருங்கிய பிறகே இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். ஆனால், மாரடைப்புகள் பலவும் அவ்வளவு அடைக்காத கொழுப்புப் படிவு கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருபவை. எனவே, எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு 'நெகட்டிவ்' என்று வரும் அறிக்கை தரும் நிம்மதி, அதன் தகுதிக்கு மிஞ்சியது என்பதே என் கருத்து. பெண்களிடமோ, நோயே இல்லாதபோதும் 'பாசிட்டிவ்' என வந்து ஆஞ்சியோகிராம் வரை இழுத்துச் செல்வது அரிதன்று.

கால்சியம் ஸ்கேனில் ஊசி கிடையாது, மார்பில் இ.சி.ஜி. பட்டைகளை ஒட்டி, சில நொடிகள் மூச்சை அடக்கச் சொல்கிறார்கள். கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட். அமெரிக்க இதயநோய் மருத்துவர் ஆர்தர் அகாட்ஸ்டன் 1990-இல் வகுத்த கணக்குப்படி வரும் எண், ரத்தத்திலுள்ள கால்சியத்தின் அளவன்று (பாலை நிறுத்திவிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்). குழாய்ச் சுவரில் நாட்பட்ட படிவு இறுகியதன் அடையாளம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவரும் நோயாளியும் தயங்கும், மாரடைப்பு ஆபத்து மிகுதியாகவோ குறைவாகவோ இல்லாத இடைநிலைக்காரருக்கே 2018-இன் அமெரிக்க வழிகாட்டி நெறிகள் இதைப் பரிந்துரைக்கின்றன: 100-க்கு மேல் என்றால் மாத்திரை, பூஜ்யம் என்றால் சர்க்கரை நோய், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவை இல்லாவிட்டால் மாத்திரையைத் தள்ளிப்போடலாம்.

அந்தப் பூஜ்யத்தை நாம் சற்று எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்குச் சராசரியாக 53 வயதிலும், பிற பகுதியினருக்கு ஏறத்தாழ 59 வயதிலும் வருவதாக இன்டர்ஹார்ட் என்ற பன்னாட்டு ஆய்வு காட்டியது. சுண்ணம் ஏறாத மென்படிவு இந்த ஸ்கேனில் தெரியாது, ஆகவே, ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் 38 வயதுக்காரரின் பூஜ்யமும் 62 வயதுக்காரரின் பூஜ்யமும் ஒன்றல்ல. மேலும், இந்த எண்ணை வயதுவாரியாக ஒப்பிடப் பெரிதும் பயன்படும் மெஸா என்ற அமெரிக்க ஆய்வில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீன வம்சாவளியினர் இருந்தார்களே தவிர, தெற்காசியர் ஒரு பிரிவாக இடம்பெறவில்லை.

ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்த எண்ணால் பயனில்லை. ஸ்டாட்டின் சாப்பிடுபவர் ஆண்டுதோறும் எடுத்துப் பார்ப்பதும் வீண். அந்த மருந்தே படிவை இறுக்கி எண்ணைக் கூட்டக்கூடும். நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது என்பவர் தானாக எந்த ஸ்கேனுக்கும் பதிவு செய்யாமல் இதயநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அவருக்கு டி.எம்.டி.யோ சி.டி. ஆஞ்சியோகிராமோ பொருந்தலாம். ஓய்விலும் வலி நிற்கவில்லையென்றால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மற்றவர்கள் முதலில் ரத்த அழுத்தம், எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்.பி.ஏ.1சி, வாழ்நாளில் ஒருமுறை லிப்போபுரோட்டீன் ஏ என்னும் பரம்பரைவழிக் கொழுப்புத் துகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அதன்பிறகும் மாத்திரை பற்றி ஐயம் எஞ்சினால் கால்சியம் ஸ்கேனுக்குப் போகலாம்.