பைக்கைக் கப்பலில் ஏற்றுவதா, விற்பதா, வீட்டில் விட்டுப் போவதா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு புல்லட் நிற்கிறது. 2011 மாடல், டிஎன் 72 நம்பர், அப்பா வாங்கியது, பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டியது நான். ஆஸ்திரேலியாவில் வேலை உறுதியானதும் முதலில் விசாரித்ததே இந்த வண்டியை எப்படிக் கொண்டுபோவது என்பதைத்தான். அதே சமயத்தில் என் அத்தை மகன் இங்கிலாந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், அவனிடமும் கிட்டத்தட்ட அதே வயசில் ஒரு புல்லட். அவன் வண்டி கப்பல் ஏறியது, என் வண்டி ஏறவில்லை. நம்ம பக்கத்துப் பையன்கள் வருஷத்துக்கு எத்தனையோ பேர் வெளிநாடு போகிறார்கள், எல்லோரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, "தூத்துக்குடியில இருந்து அனுப்ப எவ்வளவு ஆகும்?" நானும் அதைத்தான் கேட்டேன். அது இரண்டாவது கேள்வி. போகிற நாட்டில் இந்த வண்டிக்கு நம்பர் பிளேட் கொடுப்பார்களா என்பதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் கப்பல் கூலி கொடுக்க யாராலும் முடியும், பதிவு கிடைக்காத வண்டியை அங்கே போய் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடிபெயர்ந்து போகிறவர்களுக்கு அங்கே வரிச்சலுகை உண்டு. 12 மாதமாவது அந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்திருக்க வேண்டும், வண்டியை 6 மாதமாவது வைத்திருந்து ஓட்டியிருக்க வேண்டும், போன பிறகு 12 மாதம் விற்கக் கூடாது. டிஓஆர்1 என்ற விண்ணப்பத்தை முன்னாலேயே போட்டு அனுமதி வாங்கிவிட்டால் சுங்க வரியும் 20 சதவீத வாட் வரியும் இல்லை. வண்டி இறங்கிய 14 நாளுக்குள் நோவா என்ற முறையில் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 10 வருஷத்துக்கு உட்பட்ட வண்டி என்றால், அந்த மாடலை அந்த நாடு முன்பே சோதித்து ஒப்புக்கொள்ளாத பட்சத்தில், எம்எஸ்விஏ என்ற தனிச் சோதனையில் தேற வேண்டும். இந்தியச் சந்தைக்குச் செய்த வண்டிக்கு அது பெரிய வேலை. மச்சான் வண்டி 10 வருஷத்தைத் தாண்டியிருந்தது, அதனால் அந்தச் சோதனை தேவைப்படவில்லை. ஆர்சியில் தயாரித்த மாதமும் வருஷமும் இருந்ததே பாதி வேலையை முடித்துவிட்டது. எம்ஓடி என்ற தகுதிச் சோதனை, ஸ்பீடோமீட்டரில் மைல் கணக்கு, 55 பவுண்டு பதிவுக் கட்டணம், அவ்வளவுதான். அங்கேயும் இடதுபக்கப் போக்குவரத்து என்பதால் ஹெட்லைட்டில் கைவைக்க வேண்டியதில்லை. பழைய வண்டி அங்கே லகுவாகப் போகும், புது வண்டிக்குத்தான் சிரமம் என்பதை நம் ஊரில் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆஸ்திரேலியா வேறு மாதிரி. அங்கே வண்டி கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும், இல்லாமல் போய் இறங்கினால் திருப்பி அனுப்புகிற செலவோ அழிக்கிற செலவோ நம் தலையில். சொந்த வண்டி என்ற வகையில் அனுமதி கேட்க, வெளிநாட்டில் இருந்தபோது குறைந்தது 12 மாதம் அந்த வண்டி நம்முடையதாக இருந்து நாம் ஓட்டியிருக்க வேண்டும். இங்கேதான் நான் நின்றுபோனேன். ஓட்டியது நான், பெட்ரோல் போட்டது நான், டேங்கில் இருக்கிற ஒவ்வொரு கீறலுக்கும் கதை சொல்லத் தெரிந்தவன் நான், ஆனால் ஆர்சியில் இருப்பது அப்பா பெயர். நம் வீடுகளில் பாதி பைக் அப்பா பெயரில்தானே இருக்கிறது. வெளிநாடு போகிற எண்ணம் லேசாக வந்தாலே போதும், முதல் வேலையாக வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். விசா வந்த பிறகு மாற்றினால் அந்த 12 மாதத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

பெயர் சரியாக இருந்தாலும் அங்கே இன்னும் இரண்டு கண்டிப்பு உண்டு. ஒன்று, பிரேக், கிளட்ச், கேஸ்கெட் எதிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கவே கூடாது. மற்றது மண். ஒரு துளி மண், ஒரு விதை ஒட்டியிருந்தாலும் நிறுத்திக் கழுவச் சொல்லுவார்கள், கூலி நம்முடையது. செயின் ஸ்ப்ராக்கெட் மூடியை ஒருநாள் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கிரீசோடு குழைந்து, விரல் பருமனுக்குத் தேரிக்காட்டுச் செம்மண் அப்பியிருந்தது. எத்தனை தடவை திசையன்விளைப் பக்கம் போய் வந்ததோ, அத்தனையும் அங்கேதான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிச் சுரண்டி எடுக்க அரைநாள் ஆனது.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம், கொண்டுபோக வேண்டாம். அங்கே பைக் ஓட்ட 10 வருஷத்துக்குச் செல்லுபடியாகும் சிஓஇ என்ற உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும், அது 2022-இல் 13,000 சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. வண்டியை விட உரிமைக்கு விலை அதிகம். அதோடு தொடக்க நிலை லைசென்சில் 200 சிசி வரைதான் ஓட்டலாம், 350 புல்லட்டை என்ன செய்வீர்கள்? துபாய்ப் பக்கம் சுங்கம் 5 சதவீதம், வாட் 5 சதவீதம் என்று கேட்க லேசாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே போக்குவரத்து வலதுபக்கம், நம் ஹெட்லைட் இடதுபக்கம் சாய்த்து அடிக்கும்படி செய்தது, எதிரே வருகிறவன் கண்ணைக் கூசும். அதையும் தாண்டி, வேலை போனால் விசாவும் போகிற ஊரில் வண்டியை வேரூன்ற வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கனடாவுக்கு, இந்தியச் சந்தைக்கான வண்டி என்றால் பொதுவாக 15 வருஷம் ஆகியிருக்க வேண்டும், அமெரிக்காவுக்கு 25.

கார்னே என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் வாங்கிக்கொண்டு போகலாமே என்று சிலர் சொல்லுவார்கள். அது பயணத்துக்கானது. ஒரு வருஷம்தான் செல்லும், வண்டி திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் வைத்த உத்தரவாதத் தொகை போய்விடும். குடிபெயர்கிறவனுக்கு அது ஆகாது.

சரி, கப்பலில்தான் என்று முடிவானால் என்ன நடக்கும் என்பதை மச்சான் வண்டியோடு தூத்துக்குடி போய் நேரில் பார்த்தேன். வங்கிக் கடன் இருந்தால் அதை அடைத்து, வங்கிக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து ஆர்சியில் இருக்கும் அடமானக் குறிப்பை நீக்கியிருக்க வேண்டும், சுங்க வேலையை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் முதலில் கேட்டதே அதைத்தான். பெட்ரோலை முழுக்க வடித்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, முன்சக்கரத்தையும் கண்ணாடிகளையும் எடுத்து, ஹேண்டில்பாரைத் தாழ்த்திப் பெட்டிக்குள் பட்டையால் இழுத்துக் கட்டினால் சுமார் இரண்டரை கன மீட்டர் வரும். பிறர் சரக்கோடு பங்குக் கண்டெய்னரில் போகும்போது அந்தக் கன மீட்டர் கணக்கில்தான் கூலி, அதனால் பெட்டி சிறுக்கச் சிறுக்கப் பணம் மிச்சம். இந்தப் பெட்டியில்தான் மாட்டிக்கொண்டோம். எங்கள் தெரு ஆசாரியிடம் சொல்லி நல்ல மாம்பலகையில் இழைத்துச் செய்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஏஜென்ட் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பெட்டி ஜோராத்தான் இருக்கு தம்பி, முத்திரை எங்க?" என்றார். வெளிநாட்டுக்குப் போகிற மரப்பெட்டிக்கு ஐஎஸ்பிஎம் 15 என்ற விதி உண்டு. பலகையின் உள்மையம் வரை 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏறியிருக்க வேண்டும், அதற்கான கோதுமைக்கதிர் முத்திரை பலகையில் குத்தியிருக்க வேண்டும், பூச்சி போகக் கூடாது என்பதற்காக. அன்றைக்கே அந்தப் பெட்டியைப் பிரித்து, முத்திரை வைத்த பைன் பலகையில் மறுபடி அடித்தோம். அப்புறம் இன்னொன்று: இங்கே கொடுக்கிற கூலியை மட்டும் கணக்குப் போடாதீர்கள். அந்தப் பக்கத் துறைமுகத்தில் இறக்க, பிரிக்க, கிடங்கில் வைக்க என்று தனியாக ஒரு பில் வரும், பங்குக் கண்டெய்னரில் அதுதான் பல சமயம் பெரிசு. ஏஜென்டிடம் இரண்டு முனைச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள்.

விற்பது பணக் கணக்கில் எப்போதும் ஜெயிக்கும். புது கிளாசிக் 350 இங்கிலாந்திலேயே 4,000 பவுண்டு சொச்சத்துக்குக் கிடைக்கிறது, அந்த நாட்டு ஒப்புதலோடு, வாரண்டியோடு. அப்பா ஞாபகம், முதல் சம்பளம் என்று எதுவும் ஒட்டாத வண்டி என்றால் யோசிக்காமல் விற்றுவிடுங்கள். ஆனால் தெரிந்த பையன்தானே என்று பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடாதீர்கள். அவன் மாற்றாமல் ஓட்டி, யாரையாவது இடித்தால் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்சியில் பெயர் உள்ளவருக்குத்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெயர் மாற்ற ஓடிபி உங்கள் இந்திய செல்லுக்கு வரும், அந்த சிம்மை நிறுத்திவிட்டுப் போனால் கஷ்டம். ஆர்சியில் புதுப் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

வீட்டில் நிறுத்திவிட்டுப் போவதுதான் எல்லோரும் செய்வது, எல்லோரும் தப்பாகச் செய்வதும் அதுதான். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் உள்ளே துரு பிடிக்கும். வடித்துவிட்டுப் போங்கள், கார்புரேட்டரையும் சேர்த்து. பேட்டரியைக் கழற்றி வையுங்கள், நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள், எலி ஒயரைக் கடிக்காமல் பார்க்க வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். யாராவது ஓட்டுவார்கள் என்றால் மூன்றாம் நபர் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள், 150-க்கு மேல் 350 சிசி வரை 2022 கட்டணப்படி 1,366 ரூபாயும் வரியும்தான். பதிவு 15 வருஷத்தில் முடியும், அப்போது வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், ஓடாத வண்டியை எப்படிக் காட்டுவது? அதனால் ஓட்டுகிற ஆள் ஒருவர் வேண்டும், ஓட்டுகிறவர் பெயரிலேயே ஆர்சியும் இருப்பது உத்தமம்.

நான் அதைத்தான் செய்தேன். அப்பாவிடம் பேசி, வண்டியைத் தம்பி பெயருக்கு மாற்றி, 15 வருஷப் புதுப்பிப்பும் அவன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கையெழுத்துப் போடும்போது அப்பா ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தி, "எம்பேரு போயிருமா?" என்று கேட்டார். முந்தைய உரிமையாளர் யாரென்று ஆர்டிஓ பதிவேட்டில் இருக்கும் என்று சொன்ன பிறகுதான் போட்டார். இப்போது ஊருக்கு வந்தால் தம்பியிடம் சாவி வாங்கிக்கொண்டு பாபநாசம் வரை போய் வருகிறேன்.