விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலை என்று சொல்லி ஒப்பந்தம் அனுப்பினால் கையெழுத்துப் போடாதீர்கள்

வீட்டிலிருந்தே விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலை (எங்கோ இருக்கும் ஒருவருக்கு மெயில், எக்செல் மாதிரி ஆபீஸ் வேலைகளை ஆன்லைனில் பார்த்துக் கொடுப்பது) தேடுகிறவர்கள், முக்கியமாகக் குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க நினைக்கும் பெண்கள், இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். பணம் போனதை விட, அந்தப் பத்து நாள் நான் பயந்து கிடந்ததுதான் இன்னும் மனதில் இருக்கிறது.

ஈரோட்டில் இருக்கிறேன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் ஆறு வருடம் மெர்ச்சண்டைசிங் பார்த்தேன். சரக்கு வாங்கும் பையருக்கு மெயில் போடுவது, ஷிப்மென்ட் தேதிகளை விடாமல் துரத்துவது, எக்செல், எல்லாம் கைப்பழக்கம். இரண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். 2025 ஆரம்பத்தில் இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் வந்தது. வெளிநாட்டு கிளையன்ட், மாதம் 25,000 ரூபாய், முன்பணம் கிடையாது. முன்பணம் கேட்டால் ஏமாற்று என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? இவர்கள் கேட்கவில்லை. அதனாலேயே நம்பினேன்.

ஆதார், பான், ஒரு செல்ஃபி அனுப்பச் சொன்னார்கள். அப்புறம் நூறு ரூபாய் முத்திரைத்தாளில் தொடங்கும் பதினொரு பக்க ஆங்கில ஒப்பந்தம் வந்தது. “சும்மா ஃபார்மாலிட்டி மேடம்” என்றாள் போனில் பேசிய பெண். திரையில் விரலால் கையெழுத்துப் போட்டேன். முதல் ஐந்து நாள் டிரையல், 600 படிவங்களை டைப் செய்ய வேண்டும், 90 சதவீதம் சரியாக இருந்தால் கிளையன்ட் கிடைக்கும் என்றார்கள். தேறாவிட்டால் 6,500 ரூபாய் ‘சர்வீஸ் சார்ஜ்’ கட்ட வேண்டும் என்பது ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது.

அந்தப் படிவங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் மங்கலான ஒரு படம். ஆங்கில ஓ எழுத்தும் பூஜ்ஜியமும் ஒரே மாதிரி இருக்கும். பின்கோடின் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அதை அப்படியே அடிப்பதா, சேர்த்து அடிப்பதா என்று கேட்டால் பதில் வராது. சின்னவனுக்குக் காய்ச்சல்; ஒரு கையால் அவனைத் தட்டிக்கொண்டே ராத்திரி ஒரு மணி வரை அடித்தேன். நான்காம் நாள் மூன்று மணி நேரம் தளமே திறக்கவில்லை. ஐந்தாம் நாள் ரிசல்ட் வந்தது: 83.4 சதவீதம். எந்தப் படிவத்தில் என்ன தப்பு என்று கேட்டேன். “அது கான்ஃபிடென்ஷியல் மேடம்.”

மறுநாள் காலை வக்கீல் என்று ஒருவர் கூப்பிட்டார். “சாயங்காலத்துக்குள்ள செட்டில் பண்ணலைன்னா லோக்கல் ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு ஆள் வரும்.” கூடவே வாட்ஸ்அப்பில் தராசு படம் போட்ட நோட்டீஸ். மாமியார் பக்கத்து அறையில் இருந்தார். யாருக்கும் தெரியக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் 6,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன். திரையில் வந்தது கம்பெனி பெயரே இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அதைப் பார்த்த பிறகும் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, வழக்கை வாபஸ் வாங்கும் செலவு 10,000, ஜிஎஸ்டி 1,800, மொத்தம் 11,800 என்று மறுபடி கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். “கெளம்பு, போய்க் கேட்போம்” என்று மட்டும் சொன்னார். கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே சட்ட உதவி இலவசம். இது எனக்கு அதுவரை தெரியாது. அங்கிருந்த வக்கீல் அம்மா நோட்டீஸை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “ஏம்மா, இதுல இ.பி.கோ. 420-ன்னு போட்டிருக்காங்க. 2024 ஜூலை 1-ல இருந்து அதுக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு, மோசடிக்கு 318. போன வாரம் நடந்ததுக்கு பழைய செக்‌ஷன் போடுற வக்கீல் யாரும்மா?” என்றார்.

அவர் விளக்கியது இது. வேலையை முடிக்காததெல்லாம் சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் வீட்டுக்கு வந்து கைது செய்யாது. ஒப்பந்தத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும், 1872 ஒப்பந்தச் சட்டம் 74-ம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கோர்ட் கொடுக்காது. ஏமாற்றி வாங்கிய சம்மதம் என்றால் அந்த ஒப்பந்தத்தையே நாம் ரத்து செய்யலாம். வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறவர்களுக்குப் பதிலே பேச வேண்டாம், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள் என்றார்.

அன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து, சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தேன். பணம் அனுப்பிய உடனே கூப்பிட்டிருந்தால் அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். நான் போனது ஐந்தாம் நாள். பணம் திரும்பவில்லை. ஆதார் பயோமெட்ரிக்கை (கைரேகை, கண் பதிவு) லாக் செய்துவிட்டேன். இப்போது எங்கே ஆதார் கேட்டாலும் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார்தான் கொடுக்கிறேன்.

இந்தத் தொழிலே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஆபீஸ் தோழி மூலமாக டொரண்டோவில் சின்னதாகத் துணிக்கடை நடத்தும் ஒரு அம்மாவுக்கு இப்போது வேலை செய்கிறேன். அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்குச் சாயங்காலம் ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அவர் வீடியோவில் நேரே பேசினார். மூன்று மெயிலைக் கொடுத்து, இதற்கு எப்படிப் பதில் போடுவாய் என்று கேட்டார். அவ்வளவுதான் பரீட்சை. எனக்கு வேலை கொடுப்பது யார், அவருக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்தது. அந்தக் கும்பலிடம் கிளையன்ட் பெயரைக் கேட்டபோதெல்லாம் டிரையல் முடியட்டும் என்றுதான் சொன்னார்கள்.

புகார் கொடுத்த பிறகு, அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் இருந்த நாற்பது பேருக்கும் தனித்தனியாக மெசேஜ் போட்டேன். குரூப்பில் அட்மின் மட்டும்தான் பேச முடியும், அதனால் யாருக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. தர்மபுரியிலிருந்து ஒரு பெண் தனக்கு வந்த ஒப்பந்தத்தை அனுப்பினார். முத்திரைத்தாளின் வரிசை எண் என்னுடையதேதான், ஓர் எண்கூட மாறவில்லை. அவருக்கு அன்று சாயங்காலம் வரை கெடு கொடுத்திருந்தார்கள். நகையை அடகு வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவர், போகவில்லை.