எஃப்டி வச்சு வாங்குன கிரெடிட் கார்டு: ரெண்டரை வருசமாச்சு, இன்னும் எங்கப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க

சித்தப்பா பையன் போன வாரம் போன் பண்ணி, "அண்ணா, கார்டு கேட்டா சிபில் இல்லேன்னு தொரத்துறாங்க, நீ மட்டும் எப்டி வாங்குன"ன்னு கேட்டான். அவனுக்கு பதில் டைப் பண்ண ஆரம்பிச்சு அது பாட்டுக்கு நீண்டுட்டே போச்சு, சரி இதே நெலமையில இருக்கற மத்தவங்களுக்கும் ஆகட்டும்னு போடுறேன்.

திருப்பூர்ல எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க் யூனிட் ஒன்னுல கணக்கு பாக்குறேங்க. சனிக்கிழமையானா வாரச் சம்பளம், கவர்ல போட்டு கையில. கடன்னு ஒன்னு வாங்குனதே இல்ல, பைக் கூட சீட்டு எடுத்து ரொக்கமா வாங்குனது தான். இப்படி ஒரு ஆளுக்கு பேங்க்காரன் ஓடி வந்து கார்டு குடுப்பான்னு நெனச்சேன் பாருங்க, ரெண்டு எடத்துல ரிஜெக்ட். சிபில் ரிப்போர்ட், அதான் நாம கடன் வாங்கி கட்டுன கதையும் அதுக்கு போடற மார்க்கும் இருக்கறது, எடுத்து பாத்தேன் (வருசத்துக்கு ஒன்னு ஓசியா குடுக்கணும்னு ஆர்பிஐ ரூலே இருக்கு, காசு கட்டி எடுக்காதீங்க), ஸ்கோர் 300ல இருந்து 900 வரைக்கும்னு சொல்றாங்க, எனக்கு மைனஸ் 1னு நிக்குது. ஒரு நிமிசம் வயித்த கலக்கிருச்சு, நம்ம பேர்ல எவனாவது கடன் வாங்கி ஓடிட்டானான்னு. அப்புறம் தான் தெரிஞ்சுது மைனஸ் 1ன்னா கெட்ட பேர் இல்ல, பேரே இல்லன்னு அர்த்தமாம். ஏழு வருசமா ஒரு தவணை தவறாம சீட்டு கட்டுனதெல்லாம் அந்த ரிப்போர்ட்ல ஒரு வரி கூட இல்ல, ஆனா ரெண்டு பேங்க்ல கார்டு கேட்டு அலைஞ்சது மட்டும் தேதியோட பதிஞ்சிருக்கு.

அப்புறம் கணக்கு வச்சிருக்கற பேங்க் பிராஞ்ச்லயே கேட்டப்போ தான் எஃப்டி (ஃபிக்சட் டெபாசிட்) போட்டு அது மேல கார்டு எடுத்துக்கோங்கன்னாங்க. 20,000 போட்டேன், 18,000 லிமிட். சில பேங்க்ல 75% தான் தருவாங்க, சிலதுல முழுசும். சேலரி ஸ்லிப் வேண்டாம், ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்) வேண்டாம், நான் கட்டலைன்னா எஃப்டியில எடுத்துக்குவாங்க, அவ்ளோ தான். எஃப்டிக்கு வட்டி அது பாட்டுக்கு வரும், கார்டு இருக்கற வரைக்கும் அந்த பணத்த எடுக்க முடியாதபடி லியன் போட்டு வச்சிருப்பாங்க.

இது வரைக்கும் ஒரு குறையும் இல்ல. இனிமே தான் கூத்து.

நம்மாளுகளுக்கு ஏதுங்க சர்நேம், இன்ஷியலோட சரி. ஆனா பேன் கார்டு பாரத்துல கடைசிப் பேர் கட்டாயம், இன்ஷியலும் போடக்கூடாது, அதனால அப்பா பேர அந்தக் கட்டத்துல எழுதிக் குடுத்துட்டு வந்துடறோம். பேங்க்காரன் சிஸ்டம் அந்த கடைசிப் பேர தான் புடிச்சு வச்சிருக்கு. கூரியர் வந்த அன்னிக்கு நான் வேலைக்கு போயிட்டேன், எங்கப்பா மட்டும் திண்ணையில உக்காந்திருக்காரு. வந்த பையன் கவர பாத்து அவர் பேர சொல்லி "நீங்க தானுங்களா"ன்னு கேட்டிருக்கான். ஆமான்னிருக்காரு. "கிரெடிட் கார்டு வந்திருக்குங்க, ஆதார் காட்டி கையெழுத்து போடுங்க"ன்னிருக்கான். "நான் எந்தக் கார்டும் கேக்கலீங்களே, கடன் எனக்கெதுக்கு, எடுத்துட்டு போங்க"ன்னு தொரத்தி உட்டுட்டாரு. ராத்திரி சோத்துல கை வைக்கறப்போ பெருமையா சொல்றாரு, இன்னிக்கு ஒருத்தன் ஏமாத்த வந்தான், நம்மகிட்ட நடக்குமான்னு. அந்த கவர் பேங்குக்கே திரும்பிப் போயி மறுபடி வர மூணு வாரம் ஆச்சு.

கார்டோட வேலைய பத்தி பொய் சொல்லக்கூடாது. மாசம் பெட்ரோலு, ஈபி பில்லு, மளிகை, ஒரு நாலாயிரம் ஐயாயிரத்துக்குள்ள ஓட்டி முழுசா கட்டிட்டு வந்தேன், ஏழாவது மாசம் ரிப்போர்ட்ல 741. ஒரு தடவ மட்டும் 15,000க்கு வாஷிங் மெஷின் எடுத்தேன், டியூ தேதிக்கு முன்னாடியே மொத்தமும் கட்டிட்டேன், அப்படியும் ஸ்கோர் எறங்குச்சு. ஏன்னா பேங்க் சிபிலுக்கு நம்ம கணக்க அனுப்பற நேரத்துல எவ்ளோ பாக்கி நிக்குதோ அது தான் போகுது, 18,000ல 15,000ன்னா பாக்கறவனுக்கு இவன் காசுக்கு அல்லாடறான்னு தான தோணும். அப்புறம் பெருசா எது எடுத்தாலும் பில்லுக்கு காத்திருக்காம ரெண்டு மூணு நாள்லயே கட்டிடறேன், அடுத்த மாசமே ஏறிருச்சு.

இன்னொரு தப்பு, தீபாவளி மாசம் கை கடிச்சுதுன்னு மினிமம் டியூ, அதாவது பில்லுல கொறஞ்சது இவ்ளோ கட்டுன்னு போட்டிருக்கறது, அது மட்டும் கட்டினேன். மாசத்துக்கு மூணரை வட்டி, அது மேல 18% ஜிஎஸ்டி, அதுவும் பாக்கிக்கு மட்டும்னு இல்ல, வாங்குன தேதியில இருந்தே கணக்கு, அடுத்து வாங்குன மளிகைக்கும் சேத்து. என் காசு அவங்ககிட்ட எஃப்டியில வருசத்துக்கு 7% வாங்கிட்டு தூங்குது, அத காட்டி எனக்கு குடுக்கற கடனுக்கு வருசத்துக்கு 42%. ஊர்ல அஞ்சு வட்டிக்காரர் கூட மொகத்த பாத்து ரெண்டு நாள் பொறுப்பாரு.

ஆனா இதெல்லாம் நான் பண்ணுன தப்பு, படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், போகட்டும். பேரு விசயம் தான் இன்னும் ஆறல. பில் வந்தா "டியர் (அப்பா பேரு)", ஆஃபர் வந்தா "டியர் (அப்பா பேரு)", என் பொறந்த நாளுக்கு வாழ்த்தும் அவருக்கு. மாத்துங்கன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சு, பேன்ல என்ன இருக்கோ அது தான் வரும்னு ஒரே பதில்.

போன மாசம், வேற பேங்க்ல எஃப்டி இல்லாமலே ஒரு கார்டு கெடச்சிருச்சு, இத மூடிரலாம்னு கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். பாக்கி இல்லாம மூடச் சொன்னா ஏழு வேலை நாள்ல மூடணும், இல்லாட்டி நாளைக்கு 500 ரூபா அவங்க தரணும்னு 2022லயே ஆர்பிஐ சொல்லிருச்சு, அத தெரிஞ்சு வச்சுட்டு தான் தெம்பா பேசினேன். வெரிஃபிகேஷனுக்கு அந்தம்மா கேட்டாங்க, "சார் உங்க அப்பா பேரு?" சொன்னேன். "அது உங்க பேரு சார், உங்க அப்பா பேர கேட்டேன்." அதான் மேடம் அப்பா பேருங்கறேன். "சார், உங்க பேர கேக்கல." நாலு நிமிசம் இதே. கடைசியில வெரிஃபிகேஷன் ஃபெயில்னு வச்சுட்டாங்க. மூடறதுக்கு கேட்டதாவே பதிவாகல, அப்புறம் எங்க அந்த 500.

இப்ப மூடவும் இல்ல. பழைய கார்டு இருந்தா ஹிஸ்டரிக்கு நல்லதாம், வருசக் கட்டணமும் கெடையாது, கெடக்கட்டும்னு விட்டுட்டேன். மார்க் கேட்டா 10க்கு 4. செஞ்ச வேலைக்கு 8 போடலாம், 741ம் அடுத்த கார்டும் இது இல்லாம வந்திருக்காது, தெரியும். காலைல தான் "டியர்"னு ஒன்னு வந்துச்சு, அதனால 4 தான்.

தம்பிக்கு எஃப்டி போடுறான்னு சொல்லிட்டேன், வேற வழி இல்ல. எதுக்கும் பேன் கார்ட போட்டோ எடுத்து அனுப்புன்னேன். அனுப்பிருக்கான். கடைசிப் பேர் கட்டத்துல இவன் பேரு, முதல் பேர் கட்டத்துல சித்தப்பா பேரு. எந்த பேங்க் எந்தப் பேர புடிக்கும்னு யாருக்குத் தெரியும், கூரியர் வந்தா தொரத்திர வேண்டாம்னு சித்தப்பாட்ட இப்பவே சொல்லி வைடான்னு மெசேஜ் போட்டிருக்கேன்.