தண்டையார்பேட்டை ஞாயிறு வகுப்பு: குடோன் ஆள் டீம் லீடராக இது உதவுமா?

மாதவரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் ஆறு ஆண்டுகள் லோடு இறக்கியும் ஆர்டர் எடுத்து வைத்தும் வந்த என்னைச் சென்ற ஆண்டு டீம் லீடராக உயர்த்தினார்கள். அப்போது எனக்குக் கிடைத்தது புதிய அடையாள அட்டையும் வேறு நிற மேல்சட்டையும்தான். பயிற்சி என்று எதுவும் இல்லை. அதனால் தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் நிலையம் கிடங்கு மேற்பார்வையாளர்களுக்காக எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடத்தும் வகுப்பில், என் சொந்தப் பணம் 6,500 ரூபாயைக் கட்டிச் சேர்ந்தேன். செங்குன்றம், மணலி, விச்சூர் பக்கம் இதே நிலையில் பலர் இருப்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன். இதுபோன்ற வகுப்புகள் வேறு இடங்களிலும் நடக்கின்றன. ஆகவே நிலையத்தின் பெயரைவிட, சேரும் முன் எதைக் கேட்க வேண்டும் என்பதே பயன்படும்.

முதல் மூன்று வாரங்கள் முழுக்கக் காகித வேலை. சரக்கு வந்ததும் ஜி.ஆர்.என். எனும் வரவுச் சீட்டுப் போடுவது, காலாவதி முந்துவதை முதலில் அனுப்புவது, இருப்பைச் சிறிது சிறிதாக எண்ணிச் சரிபார்ப்பது ஆகியவற்றைத் தெளிவாகவே நடத்தினார்கள். லாரியில் ஏற்றிவிட்டால் என் வேலை முடிந்தது என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்த எனக்கு, சரக்கை வண்டியில் கொண்டுசெல்ல ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எடுக்கும் இ-வே பில் பற்றிய பாடம் கண்ணைத் திறந்தது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் அந்த பில் கட்டாயம். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லுபடியாகும். லோடு தயாராகும் முன்பே பில்லைப் போட்டுவிட்டு வண்டியை வாசலில் காக்க வைத்தால் அந்தக் காலம் வாசலிலேயே கரைந்துவிடும். இதை அறிந்த பிறகுதான், சரக்கை அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவினர் எங்களை ஏன் அப்படி விரட்டினார்கள் என்று புரிந்தது.

கட்டிய பணத்துக்கு ஈடான நாள் ஐந்தாவது ஞாயிறு. ஓய்வுபெற்ற ஷிப்ட் பொறுப்பாளர் ஒருவர் வந்து, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, பத்துப் பேருக்கு மறுநாள் வேலையைப் பிரிக்கச் சொன்னார். ஒரு லாரி நிறைய 50 கிலோ மூட்டைகள், வெயிலில் கொதிக்கும் ஒரு கன்டெய்னர், மின்விசிறிக்குக் கீழே ஒரு ஸ்கேனர் மேசை. என் தாளைப் பார்த்தவர், "மேசையில் உட்காரப்போகிறவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் அவர் கேட்டது உண்மை. ஆறு ஆண்டுகள் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்ட கூட்டாளியைத்தான் நான் அங்கே உட்கார வைத்திருந்தேன். நல்ல இடத்தையும் கஷ்டமான இடத்தையும் வாரந்தோறும் மாற்றி, அதை எல்லோரும் பார்க்கும் பலகையில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார்.

பிறகு ஒருவரை மூத்த தொழிலாளியாக நடிக்க வைத்தார். "உனக்கு ஹேண்ட் பேலட் வண்டி இழுக்கக் கத்துக்கொடுத்ததே நான்தான், நீ எனக்கு வேலை சொல்றியா?" என்று அவர் எகிறியதும் நான் வாயடைத்துப் போனேன். "அண்ணே, இந்தக் கன்டெய்னரை இறக்குவீங்களா என்று கெஞ்சாதே, பத்தரைக்குள்ள இது காலியாகணும், உங்களோட யாரை அனுப்பட்டும் என்று கேள்" என்றார் ஆசிரியர். எங்கள் கிடங்கில் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த ஒருவரிடம் அப்படியே கேட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் தன்னோடு வர வேண்டிய ஆளின் பெயரை அவரே சொல்லிவிட்டார்.

குறைகளும் உண்டு. பாடம் தமிழில் நடந்தாலும் கையில் கொடுத்த குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன. பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர்கள் அவற்றைப் பிரித்தே பார்க்கவில்லை. இருபத்திரண்டு பேருக்கு நான்கு கணினிகள். சரக்கைத் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டியின் தகட்டில் உள்ள தூக்கும் எடை, சரக்கின் மையம் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால்தான் பொருந்தும் என்பதைக் கரும்பலகையில் வரைந்ததோடு சரி. வண்டியைக் கண்ணில் காட்டவில்லை. என் ஷிப்டில் பாதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். மொழி தெரியாதவரிடம் வேலை வாங்குவது பற்றி எட்டு வாரங்களிலும் ஒரு சொல் இல்லை. தொழிலாளர் சட்டத்தை ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் வந்த திருத்தப்படி ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பதைப் பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவர் சொல்லித்தான் அறிந்தேன். பேக்கிங் மேசைக்கு ஸ்டூல் கேட்டு வாங்க அது உதவியது.

சான்றிதழைக் காட்டினால் சம்பளம் உயரும் என்று சேரும்போது சொன்னதை நம்ப வேண்டாம். என் மேலாளர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. பதவியோடு எனக்கு 2,500 ரூபாய் கூடியது, ஓவர்டைம் நின்றது. கூட்டிக் கழித்தால் முதல் மூன்று மாதம் கையில் வந்தது முன்னைவிடக் குறைவு. இந்தக் கணக்கைப் போட வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

வகுப்பு காலை ஒன்பதுக்குத் தொடங்குவதால், இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் பதினொரு மணிக்கெல்லாம் தூங்கி விழுவார்கள். திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கம் இருப்பவர்களுக்கு மெட்ரோ இருக்கிறது. மணலியிலிருந்து வருகிறவர்கள் பேருந்தை நம்ப வேண்டும். அடுத்த தொகுதியில் சேர நினைப்பவர்கள், ஐந்தாம் வாரத்தை அந்த ஓய்வுபெற்ற ஷிப்ட் பொறுப்பாளரே நடத்துகிறாரா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே பணம் கட்டுங்கள். எங்கள் தொகுதியின் அட்டவணையில் முதலில் வேறொருவர் பெயர்தான் இருந்தது.