ஆஸ்டின் சாம்ப்பா, லேண்ட் ரோவரா?

போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ராணுவ ஜீப் ஒன்றை வாங்கிச் சீர்செய்யலாம் என்று இறங்குபவர்கள் கடைசியில் இந்த இரண்டில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

விலை: அன்றே சாம்ப் ஒன்றின் காசுக்கு ஏறக்குறைய இரண்டு லேண்ட் ரோவர் வாங்கலாம்.

எஞ்சின்: சாம்ப்பில் ரோல்ஸ் ராய்ஸ் வடிவமைத்த 2.8 லிட்டர் பி40. 1948-இல் வந்த முதல் லேண்ட் ரோவரில் வெறும் 1.6 லிட்டர்.

ஓட்டம்: இதில் சாம்ப்தான் ராஜா. நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், மட்கார்டில் படுத்திருக்கும் புகைபோக்கி மாதிரியான குழாயை நிமிர்த்திவிட்டால் ஆறடித் தண்ணீரிலும் இறங்கும், அப்புறம் ஐந்து கியரும் ரிவர்ஸிலும் வேலை செய்யும் (பின்னோக்கி டாப் கியரில் போக யாருக்குத் தைரியம் என்பது வேறு விஷயம்). லேண்ட் ரோவரில் சாதாரண பட்டை ஸ்பிரிங், குலுக்கி எடுக்கும்.

பராமரிப்பு: சாம்ப்பின் நுட்பமே அதற்கு வினை. லேண்ட் ரோவரை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் கழற்றி மாட்டலாம். எஃகுத் தட்டுப்பாட்டால் போட்ட அலுமினியக் கலவை பாடி துருவும் பிடிக்காது, ஆனால் அடியில் இருக்கும் சட்டம் எஃகு, அதைத் தட்டிப் பாருங்கள்.

ராணுவமும் ஐம்பதுகளின் நடுவிலேயே லேண்ட் ரோவர் பக்கம் சாய்ந்துவிட்டது. தினம் ஓட்ட அதுதான் சரி. ஷெட்டில் வைத்து ரசிக்கவும் ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறக்கவும் என்றால் சாம்ப்.