போஸ்டரில் முகம் இருந்தால் ஆள் வருவார் என்று நம்பி காமெடி ஷோவுக்குப் பணம் கட்டாதீர்கள்

சென்னையில் நேரடி காமெடி ஷோ பார்க்கப் போகிறவர்கள், குறிப்பாக வீட்டுப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போக நினைப்பவர்கள், டிக்கெட் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பிரபலமான ஒரு நகைச்சுவைக் கலைஞரின் முகத்தைப் போஸ்டரில் போட்டு டிக்கெட் விற்றுவிட்டு, அவர் இல்லாமலேயே நிகழ்ச்சியை நடத்தி முடித்துவிட்டார்கள். எங்கள் குடும்பம் அதில் ஏமாந்தது. அந்தக் கலைஞரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருக்கும் இந்த மோசடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் முகத்தைத் திருடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபம். சனிக்கிழமை மாலை 7 மணி. போஸ்டரில் பாதி இடம் அவர் முகம். கீழே ஓரத்தில் தபால்தலை அளவில் நாலைந்து முகங்கள். குடும்பத்தோடு வந்து சிரியுங்கள் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. சாதாரண டிக்கெட் 799 ரூபாய், மேடைக்கு முன்னால் வி.ஐ.பி. வரிசை 1,499 ரூபாய். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் முன்வரிசையே எடுத்தோம். அப்பா, அம்மா, சித்தி, அண்ணன், அண்ணி, அவர்கள் பையன், நான். சேவைக் கட்டணத்தையும் சேர்த்தால் பதினோராயிரத்தை நெருங்கிவிட்டது. அந்தச் சேவைக் கட்டணமும் பணம் கட்டும் கடைசித் திரையில்தான் கண்ணில் பட்டது.

வாசலிலேயே தொல்லை ஆரம்பித்தது. ஆளுக்கு 300 ரூபாய்க்கு உணவுக் கூப்பன் வாங்கினால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். டிக்கெட் விற்ற பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கையிலிருந்த தண்ணீர் பாட்டில்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மா மாத்திரை போட வேண்டும், ஒரு பாட்டிலையாவது விடுங்கள் என்று கேட்டதற்கு, "உள்ள விக்கிறோம், வாங்கிக்கோங்கம்மா" என்று பதில். கூப்பனுக்குக் கிடைத்தது ஒரு பஃப்ஸும் ஒரு சின்னக் கப் குளிர்பானமும். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, குழந்தைகளோடு வந்தவர்கள் நெருக்கினார்கள், எல்லாரும் வேறு வழியில்லாமல் கட்டினோம். வாசலில் வைத்துக் கேட்பதே அதற்குத்தான். வீட்டிலிருந்து கிளம்பி, வண்டி பிடித்து, சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டி வந்தவர் 300 ரூபாய்க்காகத் திரும்பிப் போக மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

நிகழ்ச்சி தொடங்கியபோது மணி எட்டேகால். முதலில் வந்தவர்கள் எல்லாரும் கல்லூரி முடித்த வயதுப் பையன்கள். ஒருவர் போனைப் பார்த்துப் படித்தார். இன்னொருவர் பாதியில் மறந்துபோய் நின்றார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புதிதாக மேடை ஏறுகிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். அதற்கென்று ஓப்பன் மைக் என்ற இடம் இருக்கிறது, அங்கே நூறு இருநூறு கொடுத்தோ சில இடங்களில் இலவசமாகவோ போய் உட்கார்ந்து அவர்களை உற்சாகப்படுத்தலாம். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அவர்களில் ஒரு தம்பியிடம் பேசினோம். அன்று மதியம்தான் போன் செய்து கூப்பிட்டார்களாம். சம்பளம் கிடையாது, "பெரிய ஆளோட மேடைல ஏற்றோம்" என்பதுதான் கூலி என்று சொன்னார்களாம். அந்தப் பெரிய ஆள் வருகிறார் என்று அவரும் நம்பித்தான் வந்திருக்கிறார். பார்க்க வந்தவர்களிடம் பணம், மேடையேறியவர்களிடம் உழைப்பு என்று இரண்டு பக்கமும் சுரண்டியிருக்கிறார்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது தொகுப்பாளர் செய்ததுதான். முன்வரிசை ஆட்களிடம் பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவைப்பதை இந்தத் துறையில் கிரவுட் வொர்க் என்பார்கள். கைதேர்ந்தவர் செய்தால் அழகான விஷயம். யாரிடம் பேசுகிறோமோ அவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். இங்கே நேரத்தை ஓட்ட வேறு சரக்கில்லாமல் ஒவ்வொருவராகப் பிடித்து அவமானப்படுத்தினார். ஒரு பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பேசினார். சித்தி தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அங்கிள் எங்க, விட்டுட்டு ஓடிட்டாரா?" என்றார். சித்தப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சித்தியை வீட்டை விட்டு வெளியே கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் அம்மா இந்த ஏற்பாட்டையே செய்யச் சொன்னார். சித்தி ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அப்பா கேள்வி காதில் விழாமல் விழித்தபோது, அதையும் நடித்துக் காட்டினார். இருமடங்கு விலை கொடுத்து முன்வரிசை வாங்கியவர்களைத்தான் இப்படி மேடைப் பொருளாக்கினார்கள். பெரியவர்களோடு போனால் இரண்டாவது மூன்றாவது வரிசைக்குப் பின்னால் உட்காருவது நல்லது. நல்ல கலைஞரின் நிகழ்ச்சியானாலும் இதைச் சொல்வேன்.

ஒன்பதரை மணி இருக்கும், திரையில் அந்தப் பிரபலக் கலைஞரின் வீடியோ ஓடியது. ரசிகர்களுக்கு நன்றி சொல்லி ஒரு நிமிடம்கூட இல்லாத பேச்சு. அது அவருடைய சொந்தப் பக்கத்தில் பல மாதங்களுக்கு முன்பே வந்த வீடியோ என்று பின்னால் இருந்த ஒரு பையன் போனில் எடுத்துக் காட்டினான். விளக்கைப் போட்டார்கள். நிகழ்ச்சி முடிந்துவிட்டதாம்.

கூட்டம் கொதித்தது. அமைப்பாளர்களில் ஒருவர் மட்டும் வாசலில் மாட்டினார். அவர் சொன்னது: "அவர் வர்றார்னு போஸ்டர்ல எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

உண்மையிலேயே எழுதவில்லை. முகம் இருக்கிறது, நிகழ்ச்சிக்கு ஒரு பொதுப் பெயர் இருக்கிறது, தேதி, இடம், விலை எல்லாம் இருக்கின்றன. பெயர் இல்லை. டிக்கெட் விதிமுறைகளின் அடியில், கலைஞர்கள் பட்டியல் மாறக்கூடும் என்று ஒரு வரி. தந்திரமே இதுதான். பெயரை எழுதினால் பிடிபடுவோம் என்று தெரிந்து, முகத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அமைப்பாளரின் எண் அணைந்துவிட்டது. டிக்கெட் விற்ற செயலி, நிகழ்ச்சி நடந்துவிட்டதால் பணம் திரும்பாது என்று இயந்திரத்தனமாக ஒரு பதில் அனுப்பியது. அந்தப் பக்கத்தில் போஸ்டரையும் மாற்றிவிட்டார்கள். பெரிய முகம் போயே போச்சு. எங்களைக் காப்பாற்றியது அண்ணி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்த பழைய போஸ்டர். தேதியோடு அப்படியே இருந்தது. அதையும் ரசீதையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணைக் குறிப்பிட்டு செயலிக்கு மறுபடி எழுதிய பிறகுதான் டிக்கெட் பணம் திரும்ப வந்தது. சேவைக் கட்டணமும் கூப்பன் காசும் வரவில்லை.

அதனால் முதல் வேலையாக, டிக்கெட் எடுத்த உடனே போஸ்டர், விவரப் பக்கம், விதிமுறை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதற்கும் முன்னால், போஸ்டரில் இருக்கும் கலைஞரின் சொந்த இன்ஸ்டாகிராம் அல்லது யூடியூப் பக்கத்துக்குப் போய், அந்தத் தேதியில் சென்னையில் நிகழ்ச்சி என்று அவரே போட்டிருக்கிறாரா பாருங்கள். நேரடி நிகழ்ச்சியை நம்பிப் பிழைப்பவர்கள் தங்கள் நிகழ்ச்சியை அறிவிக்காமல் இருக்க மாட்டார்கள். அவர் பக்கத்தில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அப்புறம், என்ன மாதிரி நிகழ்ச்சி என்று தெரிந்துகொண்டு போங்கள். சோலோ என்றால் ஒரே கலைஞர், பெரும்பாலும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ. லைன்-அப் என்றால் பலர் வந்து ஆளுக்குக் கொஞ்ச நேரம். ட்ரையல் ஷோ என்றால் புதிதாக எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது. விலை குறைவாக இருக்க வேண்டும். விவரப் பக்கத்தில் இதில் எதுவுமே சொல்லாமல் திருவிழா, கொண்டாட்டம் என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். மொழியும் வயது வரம்பும் போட்டிருக்கிறதா பாருங்கள். பதினெட்டுக்கு மேல் என்று போட்ட நிகழ்ச்சிக்கு அம்மாவையும் பையனையும் கூட்டிப் போக முடியாது. அந்த வரம்பையே போடாமல் எல்லாருக்கும் விற்பவரை நம்பவும் முடியாது.

இதனால் யாரும் நேரடி நகைச்சுவையே வேண்டாம் என்று ஒதுங்கிவிடக் கூடாது. அது எனக்குப் பெரிய வருத்தமாகிவிடும். இந்த ஊரில் நல்லது நிறைய இருக்கிறது. தமிழில் பாட்டையும் கதையையும் சிரிப்பையும் கலந்து தருவதற்கு அலெக்சாண்டர் பாபு இருக்கிறார். குடும்ப வாழ்க்கையை, வீட்டில் எல்லாரும் சேர்ந்து கேட்கிற மாதிரி சொல்ல பிரவீன் குமார் இருக்கிறார். கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் 2003-இல் தொடங்கிய ஈவம் குழு, நாடகத்திலிருந்து ஆரம்பித்து, ஒருவரே மேடையில் நின்று பேசிச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்டப்புக்கு இந்த ஊரில் ஒரு பாதை போட்டது. சேத்துப்பட்டு சர் முத்தா வெங்கடசுப்பா ராவ் அரங்கம் போன்ற பெரிய இடத்தில் இருக்கை எண் போட்டுத் தருவார்கள். எங்கே உட்காருவோம் என்று தெரிந்தே பணம் கட்டலாம். ஓப்பன் மைக்கும் ட்ரையலும் ஆழ்வார்பேட்டை, அடையாறு பக்கத்துச் சின்ன அரங்குகளில் நடக்கும். புதுக் கலைஞர்களைப் பார்க்க அதுதான் சரியான இடம்.

வீட்டுப் பெரியவர்களோடு என்றால் நான் முதலில் சொல்வது சபா நாடகம்தான். கிரேஸி மோகன் 2019 ஜூன் 10 அன்று காலமானார். அவர் எழுதிய நாடகங்களை அவர் தம்பி மாது பாலாஜியும் குழுவினரும் மேடையேற்றி வருகிறார்கள். நாரத கான சபா, வாணி மகால் போன்ற இடங்களில் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். யாரையும் காயப்படுத்தாமல், வசனத்துக்கு வசனம் வெடித்துச் சிரிக்கவைக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்பா இளவயதில் சபா சபாவாக அலைந்து நாடகம் பார்த்தவர். அந்தச் சனிக்கிழமை வீடு திரும்பும்போது, "காமெடின்னா இதுதானாடா இப்போ?" என்று அவர் என் அண்ணனிடம் கேட்டதற்காகவே நான் இவ்வளவு எழுதுகிறேன். இது அப்படியில்லை அப்பா, இது மோசடி.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக எண்ணவைக்கும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பெயரை எழுதவில்லை, முகத்தை மட்டும்தான் போட்டோம் என்பதெல்லாம் தப்பிக்கும் வழி ஆகாது. பார்ப்பவரை என்ன நம்பவைத்தது என்பதுதான் கேள்வி. கடைசித் திரையில் கட்டணத்தை ஏற்றுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, இன்னும் மூன்றே டிக்கெட் என்று பொய்யாக அவசரப்படுத்துவது, இவை எல்லாவற்றையும் 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன் (வாங்குபவரைத் திரையிலேயே ஏமாற்றும் தந்திரங்கள்) விதிகள் தடை செய்திருக்கின்றன. உணவகத்தில் நடக்கும் நிகழ்ச்சியில் பில்லில் தானாகவே சர்வீஸ் சார்ஜ் போட்டால் கட்ட மறுக்கலாம். அப்படித் தானாகப் போடக் கூடாது என்று 2022-இல் அதே மத்திய ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது.

ஒன்று மட்டும் வேறு மாதிரி. டிக்கெட் கைவசம் இருக்கிறது, ஜிபேயில் அனுப்புங்கள், கியூஆர் அனுப்புகிறேன் என்று தெரியாத ஆள் சொல்லி நீங்கள் பணம் அனுப்பி ஏமாந்தால், 1915-க்குப் போகாமல் உடனே 1930-ஐ அழையுங்கள். அது சைபர் மோசடிக்கான எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். ஒரே கியூஆரைப் பத்துப் பேருக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள்; முதலில் வாசலில் காட்டியவர் உள்ளே போவார், மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

கூப்பன் காசுக்கும் சேவைக் கட்டணத்துக்கும் நாங்கள் மாவட்ட ஆணையத்தில் மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம். ஒரே குறையுள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகப் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை ஓ.எம்.ஆர். மண்டபத்துக்கு வந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய போஸ்டர் படமும் கூப்பன் ரசீதும் உங்களிடம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து எனக்குத் தகவல் சொல்லுங்கள். கூப்பனுக்குக் கொடுத்தது சின்ன மஞ்சள் சீட்டு, ஹோட்டல் பெயரும் அடித்திருக்காது; தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.