சலுகையாக வரும் கொடுமை: இளையோருக்கான நான்கு டிஸ்டோபியா நாவல்கள்

பதின்பருவத்தினருக்காக எழுதப்படும் டிஸ்டோபியா நாவல்களில், அதாவது கொடுமை நிறைந்த ஒரு கற்பனைச் சமூகத்தைக் காட்டும் கதைகளில், கொடுங்கோலர்களுக்குப் பஞ்சமே இல்லை. உயர்ந்த மதில், சீருடை அணிந்த காவலர், தலைநகரில் அமர்ந்து ஆணையிடும் ஓர் அதிபர் என்று அடுக்கிவிட்டால் பாதிக் கதை முடிந்துவிட்டதாகவே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த வகையில் நிலைத்து நின்ற நாவல்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் கொடுமை ஒரு சலுகையாகவோ, நியாயமான ஏற்பாடாகவோ, பெரியவர்களின் அக்கறையாகவோதான் குழந்தைகளிடம் வந்து சேர்கிறது. அந்த ஏற்பாடு எவ்வளவு நுணுக்கமாக யோசிக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்து நான்கு ஆங்கில நாவல்களை இங்கே மதிப்பிடுகிறேன். கதைகளின் பெரிய திருப்பங்களைக் கூடியவரை வெளியிடாமல் எழுதியிருக்கிறேன்.

சூசன் காலின்ஸ் எழுதி 2008இல் வெளிவந்த ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். பன்னிரண்டு மாவட்டங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒருவர் மட்டுமே எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும் ஒரு சிறு விதி. வறுமையில் இருக்கும் சிறார்கள் தங்கள் பெயரைக் கூடுதலாக ஒருமுறை குலுக்கலில் சேர்க்கச் சம்மதித்தால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை முறை சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தவை அடுத்த ஆண்டுக்கும் தொடரும். அதனால் பதினாறு வயது நாயகி கேட்னிஸின் பெயர் இருபது சீட்டுகளில் இருக்கிறது. அவளுடைய பதினெட்டு வயது நண்பன் கேலின் பெயர் நாற்பத்திரண்டில் இருக்கிறது. பசி அறியாத வீட்டில் பிறந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஐந்து சீட்டுகள் மட்டுமே. குலுக்கல் எல்லோருக்கும் பொதுதான், ஆனால் பசித்தவர்கள் தங்கள் சாவின் வாய்ப்பைத் தாங்களே பெருக்கிக்கொள்கிறார்கள். வறுமையையும் அதிகாரத்தையும் பற்றிய ஒரு பாடத்தை, கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எந்தச் சிறுவனும் தானே கணக்கிட்டுப் புரிந்துகொள்ளும்படி காலின்ஸ் அமைத்திருக்கிறார்.

இதன் தொடர்ச்சியாக 2009, 2010ஆம் ஆண்டுகளில் வந்த இரண்டு பாகங்களில் முக்கோணக் காதல் கதையை அவ்வப்போது பின்னுக்கு இழுக்கிறது. குழந்தைகளின் மரணம் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருப்பதால், முதல் பாகத்தைக்கூடப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

லோயிஸ் லௌரியின் ‘தி கிவர்’ 1993இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே சிறார் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கம் பெற்றது. நான்கில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் இதைத்தான் எடுப்பேன். இதில் வரும் சமூகத்தில் பசியோ போரோ தனிமையோ கிடையாது. நான்கு, ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் மேற்சட்டைக்கு முதுகுப் பக்கத்தில்தான் பொத்தான். ஒருவருக்கொருவர் உதவாமல் உடுத்திக்கொள்ள முடியாது என்பதற்காகவே அப்படித் தைத்திருக்கிறார்கள். ஏழு வயதானதும் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை கிடைக்கும், ஒன்பதில் சொந்த மிதிவண்டி கிடைக்கும், பன்னிரண்டில் வாழ்நாள் தொழிலை மூத்தோர் குழு அறிவிக்கும். காலையில் ஒவ்வொருவரும் தாம் கண்ட கனவைச் சொல்ல வேண்டும், மாலையில் அன்றைய உணர்வுகளைச் சொல்ல வேண்டும், பெற்றோர் பொறுமையாகக் கேட்பார்கள். பிள்ளைகள் சொல்வதை இவ்வளவு கவனமாகக் கேட்கும் வீடு எத்தனை வாசகர்களுக்கு வாய்த்திருக்கும்? முதல் சில அத்தியாயங்களைப் படிக்கும்போது அங்கே போய் வாழலாமே என்றுதான் தோன்றும்.

அந்த ஆசையைத்தான் லௌரி பயன்படுத்திக்கொள்கிறார். நாயகன் ஜோனஸ் ஒரு நாள் காலையில் தன் தோழியைப் பற்றிய கனவைக் கூச்சத்தோடு சொல்கிறான். அம்மா கனிவோடு கேட்டுவிட்டு, இனி அவன் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாள். குரலில் கடுமை இல்லை, அச்சுறுத்தல் இல்லை. அவனுடைய நண்பன் ஆஷர் மூன்று வயதில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதற்காகத் திரும்பத் திரும்ப அடிவாங்கி, சில காலம் பேசுவதையே நிறுத்திவிட்ட நிகழ்ச்சியை, ஊர் முழுக்கச் சிரிக்கும் ஒரு பழைய வேடிக்கையாகவே மூத்தோர் நினைவுகூர்கிறார்கள். பச்சிளங் குழந்தைகளைப் பராமரிக்கும் தொழில் ஜோனஸின் அப்பாவுக்கு. வளர்ச்சி குன்றிய ஒரு குழந்தைக்காக இரக்கப்பட்டு, சிறப்பு அனுமதி வாங்கி, இரவுகளில் அதை வீட்டுக்கே தூக்கிவரும் மனிதர் அவர். பின்னால் அவர் தன் பணியிடத்தில் செய்யும் ஒரு காரியத்தை ஜோனஸ் ஒளிப்பதிவில் பார்க்கும் காட்சி வருகிறது. அப்போதும் அவர் குரலில் அதே கொஞ்சல்தான். அந்தப் பக்கத்தைக் கடந்த பிறகு முன்பகுதியின் அன்பான வாக்கியங்கள் அனைத்தையும் வேறு விதமாகப் படிக்க நேரிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. மனிதகுலத்தின் நினைவுகள் ஒரு முதியவரின் கைகள் வழியாகச் சிறுவனின் முதுகுக்கு இறங்குகின்றன என்பதற்கு நாவல் எந்த விளக்கமும் தருவதில்லை. அந்தச் சமூகத்திலிருந்து நிறங்களை நீக்கியது அறிவியல், நினைவைக் கடத்துவது மாயம் என்ற கலவை, காரணகாரியம் கேட்டுப் பழகிய அறிவியல் புனைகதை வாசகரை உறுத்தும். முடிவும் திறந்தே விடப்பட்டிருக்கிறது. 2000, 2004, 2012ஆம் ஆண்டுகளில் வந்த மூன்று துணை நாவல்கள் அந்த முடிவைப் படிப்படியாக மூடிவிடுகின்றன. அவற்றை உடனே கையில் கொடுத்துவிடாமல், ஜோனஸுக்கு என்ன ஆனது என்று வாசிப்பவரே கொஞ்ச காலம் வாதிட்டுக்கொண்டிருக்க விடுவது நல்லது.

ஒன்பது பத்து வயதில் தொடங்க விரும்புபவர்களுக்கு ஜீன் டூப்ரோவின் ‘தி சிட்டி ஆஃப் எம்பர்’ (2003) பொருத்தமானது. மின்விளக்கைத் தவிர வேறு ஒளி அறியாத ஒரு நகரம். வானம் எப்போதும் கறுப்பு. கையில் எடுத்துச் செல்லக்கூடிய விளக்கு என்ற பொருளே அங்கு இல்லாததால், ஊரைச் சூழ்ந்த இருட்டுக்குள் எவராலும் போக முடியாது. கிடங்குகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன, மின்தடை நீண்டுகொண்டே போகிறது. பன்னிரண்டு வயதில் ஒரு பைக்குள் கைவிட்டு எடுக்கும் சீட்டுதான் ஒருவரின் வேலையைத் தீர்மானிக்கிறது. ஓடுவதில் பிரியமுள்ள லீனாவுக்கு நிலத்தடிக் குழாய்ப் பணி விழுகிறது; மின்னாக்கியை எப்படியாவது பார்த்துவிடத் துடிக்கும் டூனுக்குத் தூதர் வேலை விழுகிறது; இருவரும் மாற்றிக்கொள்கிறார்கள். அந்த மின்னாக்கியைப் பராமரிப்பவர்களுக்கே அது எப்படி இயங்குகிறது என்று தெரியாது என்பதை டூன் கண்டுகொள்ளும் இடம் இந்நூலின் சிறந்த பகுதி. வெளியேறும் வழியைச் சொல்லும் பழைய தாளை லீனாவின் தங்கைக் குழந்தை மென்று குதறிவிட, எஞ்சிய எழுத்துகள் ஓட்டை ஓட்டையாக அப்படியே அச்சிடப்பட்டிருக்கின்றன. பத்து வயது வாசகர் பென்சிலைத் தேடாமல் அந்தப் பக்கத்தைத் தாண்டுவது கடினம். பதுக்கல்கார மேயர் மட்டும் கேலிச்சித்திரமாக நின்றுவிடுகிறார்.

காலின்ஸின் வெற்றிக்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம். 2011இல் வெளிவந்து பரவலாகப் படிக்கப்பட்ட ‘டைவர்ஜென்ட்’ வேகமான கதைதான். ஆனால் ஆளுக்கொரு நற்பண்பு என்று மக்களை ஐந்து பிரிவுகளாக வகுத்த ஒரு நகரம் எப்படி ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும் என்று கேட்டால் நூலில் பதில் இல்லை.

கடைசியாக, எம். டி. ஆண்டர்சனின் ‘ஃபீட்’ (2002). முதல் ஐபோன் வருவதற்கு ஐந்தாண்டுகள் முன்பு எழுதப்பட்ட இந்த நாவலில், விளம்பரங்களும் அரட்டையும் மூளையில் பொருத்திய கருவி வழியாக நேரே மண்டைக்குள் ஓடுகின்றன. வயலட் என்ற பெண் தன்னை நிறுவனங்கள் கணித்துவிடக் கூடாது என்பதற்காக, தொடர்பே இல்லாத பொருள்களைப் பற்றி வேண்டுமென்றே விசாரித்து, ஒன்றையும் வாங்காமல் விடுகிறாள். பிறகு அவளுடைய கருவி பழுதாகி உயிருக்கே ஆபத்து வரும்போது, அவளுடைய நுகர்வுப் பழக்கம் தெளிவாக இல்லாததால் சிகிச்சைக்கு உதவ முடியாது என்று வாடிக்கையாளர் சேவைக் குரல் உற்சாகமாகத் தெரிவிக்கிறது. கதையைச் சொல்லும் டைட்டஸ் போராளி அல்லன். அவளை நேசித்தும் அவளுடைய துன்பத்தைத் தாங்க முடியாமல் நழுவும் சாதாரணப் பையன். அவன் பேசும் சிதைந்த, வசைச் சொற்கள் நிறைந்த கொச்சை மொழி முதல் இருபது பக்கங்களுக்கு எரிச்சலூட்டும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதிலும் மற்ற மூன்றையும் முடித்துவிட்டு வீரதீர நாயகர்களில் சலித்துப்போனவர்களுக்கு, இதைத் தருவேன்.